பள்ளித் துப்பாக்கிச் சூடு பற்றிய நாவல்: மகள் படிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, 12 முடிந்து 13 நடக்கிறது. தோழி சொன்னாள் என்று 'திஸ் இஸ் வேர் இட் எண்ட்ஸ்' என்ற நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். கதை முழுக்கப் பள்ளியில் நடக்கும் துப்பாக்கிச் சூடு. பிடுங்கி வைக்க மனம் வரவில்லை, படிக்கவிடவும் பயமாக இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, "இந்தக் கண்றாவியையெல்லாம் புள்ளைங்களுக்கு எதுக்கு எழுதறாங்க?" என்கிறார். எட்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: பிடுங்காதீர்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட புத்தகத்தை ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்வேன். அதற்குப் பதில் இதே விஷயத்தைப் பேசுகிற வேறொன்றைக் கையில் கொடுங்கள். வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் தோழி வீட்டில் படித்து முடித்துவிடுவாள். அப்புறம் உங்களிடம் அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள்.

முதலில் பாட்டியின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன பாட்டிக்குத் தெரியாத ஒன்று உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தெரியும். "லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால் டீச்சர் கதவைப் பூட்டுவார், விளக்கை அணைப்பார், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத மூலையில் எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். உங்கள் எட்டு வயது மகனிடம் கேட்டுப் பாருங்கள், அவன் வகுப்பில் அந்த மூலை எது என்று சொல்லிவிடுவான். இந்த ஒத்திகை முறையை உருவாக்கிய அமைப்பின் பெயர் 'ஐ லவ் யு கைஸ்'. 2006இல் கொலராடோவில் ஒரு பள்ளியில் பிணைக்கைதியாகப் பிடிக்கப்பட்டு இறந்த மாணவி தன் பெற்றோருக்குக் கடைசியாக அனுப்பிய குறுஞ்செய்தியிலிருந்து வந்த பெயர் அது. ஆக, பயம் ஏற்கெனவே பள்ளிக்குள் இருக்கிறது. ஒத்திகை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிறதே தவிர, நடந்த பிறகு மனசு என்ன ஆகும் என்று சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் நாவல்கள் வருகின்றன.

இந்த வகை நாவல்கள் பெருகியது 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட பிறகுதான். 2012இல் சாண்டி ஹூக், 2018இல் பார்க்லேண்ட், 2022இல் உங்கள் மாநிலத்திலேயே யுவால்டி என்று பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு தொடர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு இன்னும் வந்தன. எல்லாம் ஒரே தரமில்லை. நூலக அலமாரியில் இப்படி ஒரு புத்தகத்தை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கதையின் காலம். சுடுகிற நேரத்துக்கு எத்தனை பக்கம், அதற்குப் பிந்தைய நாள்களுக்கு எத்தனை பக்கம்? அட்டையில் போட்டிருக்கும் வயதைவிட இது நம்பகமான அளவு.

உங்கள் மகள் கொண்டுவந்ததை இப்படிப் பார்ப்போம். மரிகே நைகாம்ப் எழுதி 2016இல் வந்தது. அலபாமாவில் ஆப்பர்ச்சூனிட்டி என்ற கற்பனை ஊர். பத்து மணிக்குத் தலைமையாசிரியை உரையை முடிக்கிறார். மூன்று நிமிஷம் கழித்து அரங்கத்தின் கதவுகள் திறக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷத்தில் ஒருவன் சுடத் தொடங்குகிறான். நாவல் முழுவதும் 54 நிமிஷம், நான்கு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள், இடையிடையே ட்வீட்டுகள். விறுவிறுப்பாக எழுதப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விறுவிறுப்புதான் என் தயக்கமும். அடுத்து யார் என்று பக்கம் புரட்ட வைக்கிறது. பின்விளைவுக்கு இடமே இல்லை. பூட்டிய கதவு, மறைய இடமில்லாத கூட்டம் என்று ஒத்திகையில் பயந்த எல்லாமே உண்மையாகி நடக்கிறது. சுடுபவன் அக்கதை சொல்லும் ஒருத்தியின் அண்ணன், இருந்தாலும் அவன் யாரென்று கடைசிவரை நமக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: கதையில் பாலியல் வன்முறையும் வருகிறது. பெற்றோர் துப்பாக்கியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படாமல் போய்விடுகிறது. பதினைந்து வயதுப் பெண் தோழிகளோடு படித்துப் பேசட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பன்னிரண்டில், இரவு படுக்கையில் தனியாக, வேண்டாம்.

அவளுக்கு நான் கொடுப்பது எரின் போ எழுதிய 'சைமன் சார்ட் ஆஃப் சேஸ்'. 2023இல் வந்தது, மறு வருஷம் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி ஹானர் விருது பெற்றது. சைமனுக்கு 12 வயது. சுடப்பட்ட வகுப்பறையில் உயிரோடு தப்பியவன் அவன் ஒருவன்தான். ஊரே, நாடே அவனை அப்படித்தான் பார்க்கிறது. அதிலிருந்து தப்பிக்கக் குடும்பம் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோகிறது. அங்கே விண்வெளிச் சமிக்ஞைகளைக் கேட்கும் ரேடியோ தொலைநோக்கிகள் இருப்பதால் இணையம் தடை. (ஊர் கற்பனை, ஆனால் அப்படி ஓர் அமைதிப் பகுதி மேற்கு வர்ஜீனியாவில் நிஜமாகவே உண்டு.) கூகுள் இல்லாத ஊரில் அவனைத் தேடிப் பார்க்க யாராலும் முடியாது. ஏன் ஊர் மாறினீர்கள் என்று கேட்பவர்களுக்கு அல்பாகா என்ற ரோம விலங்குகளை வைத்து ஒரு வேடிக்கைக் கதை சொல்லிச் சமாளிக்கிறார்கள். அப்பா தேவாலயத்தில் டீக்கன் (பாதிரியாருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்), அம்மா இறந்தவர்களை அடக்கத்துக்குத் தயார் செய்பவர். வாய்விட்டுச் சிரிக்கவைக்கிற புத்தகம், நம்புங்கள். சிரித்துக்கொண்டே போகும்போது திடீரென்று ஏதோ ஒரு சத்தத்துக்கு அவன் உடம்பு நடுங்கும். சுட்ட நாள் நேரடியாக விரித்துக் காட்டப்படுவதில்லை, ஆனால் அது அவனுக்குள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தெரிகிறது. பிந்தைய நாள்கள் என்று நான் சொன்னது இதைத்தான்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போனால் ஜெனிஃபர் பிரவுனின் 'ஹேட் லிஸ்ட்', 2009. சுட்டவனின் காதலி வேலரி. இருவருமாகப் பிடிக்காதவர்களின் பெயர்களை விளையாட்டாக எழுதி வைத்திருந்தார்கள். அவள் கோபத்தில் எழுதினாள், அவன் அதை நிஜமாக எடுத்துக்கொண்டான். அவனைத் தடுக்கப் போய் அவளும் குண்டு வாங்கினாள். கோடை விடுமுறை முடிந்து அதே பள்ளிக்கு அவள் திரும்பிப் போகும் நாளில் கதை தொடங்குகிறது. குற்றவாளியா, காப்பாற்றியவளா என்று ஊருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தற்கொலை பற்றிய பகுதிகள் உண்டு, அதனால் முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோடி கெப்ளிங்கரின் 'தட்ஸ் நாட் வாட் ஹேப்பன்ட்' நினைவு எப்படிப் புராணமாகிறது என்று கேட்கிறது. இறந்த தோழி கடைசி நிமிஷத்தில் தன் கடவுள் நம்பிக்கையை அறிவித்தாள் என்று ஊர் நம்புகிறது, பக்கத்தில் இருந்தவளுக்கு அது பொய் என்று தெரியும். கொலம்பைனில் நிஜமாகவே இப்படி ஒரு கதை பரவி, பிறகு விசாரணையில் அப்படி நடக்கவில்லை என்று தெரிந்தது. 'நைன்டீன் மினிட்ஸ்' என்ற ஜோடி பிகோ நாவலும் உங்கள் காதில் விழும். அது பெரியவர்களுக்கானது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் தடை செய்யப்பட்ட நாவல் அதுதான் என்று எழுத்துரிமைக்காகக் குரல் கொடுக்கும் பென் அமெரிக்கா அமைப்பு கணக்கெடுத்தது. காரணம் துப்பாக்கி அல்ல, ஒரு பக்கத்தில் வரும் பாலியல் வன்முறைக் காட்சி என்கிறார் பிகோ. துப்பாக்கி யாரையும் உறுத்தவில்லை போலிருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல பெற்றோர் தணிந்த குரலில் கேட்பது: படித்தால் பிள்ளைக்கு அந்த எண்ணம் வந்துவிடுமா? ஒரு வரலாறு உண்டு. ஸ்டீஃபன் கிங் 1977இல் வேறு பெயரில் 'ரேஜ்' என்ற நாவலை வெளியிட்டார். வகுப்பைப் பிணையாகப் பிடிக்கும் மாணவனே கதை சொல்கிறான், சக மாணவர்கள் அவன் பக்கம் சாய்கிறார்கள். 1997இல் கென்டக்கியில் பள்ளியில் சுட்ட ஒரு சிறுவனின் லாக்கரில் அந்தப் புத்தகம் இருந்தது. கிங் அதை அச்சிலிருந்தே நிறுத்திவிட்டார். புத்தகம் யாரையும் கொலைகாரனாக்கவில்லை, ஆனால் ஏற்கெனவே உடைந்திருப்பவனை அது உசுப்பிவிடலாம் என்பது அவர் நிலை. எனக்கும் அதில் உடன்பாடு. எனவே சுடுபவனை நாயகனாக்குகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன இளையோர் நாவல்கள் எதுவும் அப்படிச் செய்வதில்லை.

இந்த நாவல்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. "கேலி செய்தார்கள், அதனால் சுட்டான்" என்ற கணக்கில் பலவும் முடிந்துவிடுகின்றன. கேலியும் ஒதுக்கலும் நிஜத்தில் பல சம்பவங்களில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேலிக்கு ஆளாகும் கோடிக்கணக்கான பிள்ளைகள் யாரையும் சுடுவதில்லை. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2019இல் 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி பெரும்பாலும் பெற்றோர் அல்லது உறவினர் வீட்டிலிருந்தே வந்தது என்றும், கவலைப்படவேண்டிய அறிகுறிகள் எல்லோரிடமும் முன்பே தெரிந்தன என்றும் அது சொல்கிறது. அதனால் மகளோடு பேசும்போது "அவன் ஏன் செய்தான்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது? முன்கூட்டியே யாருக்குத் தெரிந்திருந்தது? அவர்கள் யாரிடம் சொல்லியிருக்கலாம்?" என்று கேளுங்கள். அவள் வகுப்பில் யாராவது அப்படிப் பேசினால் உங்களிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிடும், தனியாக உபதேசம் தேவையில்லை.

இதே காரணத்துக்காக, மகன் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும் முன் அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும். வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லும் அதே போனில், அதே குரலில் கேட்டுவிடுங்கள். டெக்சாஸில் பெரும்பாலானவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

படிக்கும் முறைக்கு வருவோம். நீங்களும் அதே புத்தகத்தை ஒரு நாள் முன்னால் படித்துக்கொண்டு போங்கள். "எது வரைக்கும் வந்திருக்க?" என்று காரில் கேளுங்கள். முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள். பாதியில் நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் கெடுவது, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, போகும் இடமெல்லாம் வாசல் எங்கே என்று தேடுவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம், 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம், எந்த நேரமும். ஒத்திகையையோ நிஜச் சம்பவத்தையோ நேரில் அனுபவித்துக் கலங்கியிருக்கும் பிள்ளைக்கு, அவளாகக் கேட்கும்வரை இந்த வகைக் கதை எதையும் நீட்டாதீர்கள்.

மகனுக்கு இப்போது எதுவும் வேண்டாம். இந்தப் புத்தகம் வரவேற்பறை மேசையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். அவனாகக் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில்.

கையில் இருக்கும் நாவலை மகளே திருப்பிக் கொடுக்கட்டும், சைமனை அவளே கேட்டு வாங்கட்டும். "என் மகளுக்கு இது இப்போது வேண்டாம்" என்று நூலகரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளைக்காக அது அலமாரியிலேயே இருக்கட்டும்.