"ஐ7" என்று மட்டும் எழுதிய கொட்டேஷன்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் விழுப்புரம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தம்பி இந்த வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான், வீட்டிலிருந்தேதான் காலேஜ் போய் வருகிறான். முதல் செமஸ்டரில் நல்ல மார்க் எடுத்தால் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், எடுத்துவிட்டான். வேலரண்ட், ஜிடிஏ 5 ஆடுவான், படிப்புக்கும் அதுவேதான். 65 ஆயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. இங்கே ஒரு கடையில் "ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினெட்" என்று 36 ஆயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தார்கள். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. அவனே ஒரு லிஸ்ட் எழுதியிருக்கிறான்: ரைசன் 5 5600, பி450 போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ஒன்று, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 500 ஜிபி எஸ்எஸ்டி. கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி, கேபினெட்டோடு வருகிற 450 வாட்டே போதும் என்கிறான். மானிட்டர் மட்டும் அப்பா ஆபீஸில் கழித்துப் போட்டது ஒன்று வீட்டில் இருக்கிறது. எதை வாங்கட்டும்? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்த்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வணக்கம்மா. முதலில் அந்த 36 ஆயிரம் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிடுங்கள். ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி, ஆள் யார் என்று அதில் தெரியாது. அதற்குப் பின்னால் வரும் நாலைந்து எண்கள்தான் ஆளைச் சொல்லும், அதைத்தான் கடைக்காரர் எழுதாமல் விட்டிருக்கிறார். இந்த விலைக்கு ஐ7 என்று கொடுப்பது பெரும்பாலும் ஐ7 3770 அல்லது 4770ஆகத்தான் இருக்கும். 3770 வந்தது 2012ல். கம்பெனிகள் கழித்த கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ப்ராசஸரை ஒரு புது எச்61 அல்லது எச்81 போர்டில் மாட்டி, டிடிஆர்3 ரேம் போட்டு, வெளியே நாலு கலர் ஃபேன் வைத்தால் பார்க்கப் புதுசாகத்தான் தெரியும். 2022ல் வந்த ஐ3 12100 அதைத் தாராளமாக முந்திவிடும், இத்தனைக்கும் இரண்டிலும் நாலு கோர்தான்.

வேகத்தைக்கூட விட்டுவிடலாம், இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லில் 8வது தலைமுறையிலிருந்துதான், 3770ம் 4770ம் 3வது, 4வது தலைமுறை. கடையில் ஏதாவது குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் விண்டோஸ் 11ல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தாக வேண்டும், அந்தப் பழைய போர்டில் டிபிஎம் 2.0வுக்கு வழியே இல்லை. எந்த கேமுக்காக வாங்குகிறீர்களோ அதுவே திறக்காது. "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்பதும் இதே கதைதான். எந்த கார்டு என்று சொல்லாமல் 4 ஜிபி என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது.

இப்போது தம்பியின் லிஸ்ட். பையன் சரியான இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறான், அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். ரைசன் 5 5600 இந்த பட்ஜெட்டுக்கு நல்ல தேர்வு. ஆறு கோர், பெட்டியிலேயே கூலர் வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். பணம் இடித்தால் 5500க்கு இறங்கலாமா என்று கடையில் கேட்பார்கள். முடிந்தவரை இறங்காதீர்கள். 5600ல் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, 32 எம்பி, 5500ல் பாதிதான், கேம் ஆடும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் அவன் எழுதிய ரேம் அந்த போர்டில் உட்காரவே உட்காராது. 5600 உட்காருவது ஏஎம்4 என்ற சாக்கெட்டில், அதற்கு டிடிஆர்4 மட்டும்தான். டிடிஆர்5ன் வெட்டு இருக்கும் இடமே வேறு, அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். டிடிஆர்5தான் வேண்டும் என்றால் ஏஎம்5 போர்டும் ரைசன் 7000 வரிசையும் எடுக்க வேண்டும், பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 65 ஆயிரத்துக்குள் அதைச் செய்தால் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு மிஞ்சாது. போதாததற்கு 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறது, மெமரி தயாரிக்கும் கம்பெனிகள் ஏஐ சர்வர்கள் பக்கம் போய்விட்டதுதான் காரணம். அதனால் நான் இங்கே தனித்தனி விலை எழுதவில்லை, நீங்கள் போகும் நாளின் விலைதான் விலை.

ரேமை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக, 3200 வேகத்தில் வாங்குங்கள். ஒரே குச்சி போட்டால் ப்ராசஸர் ஒற்றை வழிப் பாதையில் போகிற மாதிரி, இரண்டு போட்டால் இரட்டைப் பாதை. மாட்டிய பிறகு பயாஸில், அதாவது போர்டின் உள் மென்பொருளில், எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2400லோ 2666லோ ஓட்டிக்கொண்டிருப்பான். தெரிந்தவர்களிடம் பழைய டிடிஆர்4 ரேம் இருந்தால் அதையும் பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் எனக்குப் பயம் குறைவான பொருள் ரேம்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

பி450 போர்டு போதும், ஆனால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "5600க்கு பயாஸ் அப்டேட் பண்ணியிருக்கா?" இந்த போர்டுகள் 2018ல் வந்தவை, ப்ராசஸர் 2022ல் வந்தது. பழைய ஸ்டாக் என்றால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. வீட்டுக்கு வந்து அப்படி ஆனால் எது பழுது என்று தெரியாமல் இரண்டு நாள் போய்விடும். பி550 கைக்கு எட்டினால் அதையே எடுக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2024ல் வந்த 6 ஜிபியில் கோர்களே குறைவு, 2560க்குப் பதில் 2304, மெமரிக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆகக் குறுகிவிட்டது. பேர் ஒன்று, சரக்கு வேறு. எனக்கு இது கோபம் வருகிற விஷயம், வாங்குகிறவர் இதையெல்லாம் தோண்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அந்த 6 ஜிபி கார்டு தனி பவர் கனெக்டர் கேட்காது, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக நல்லது. புதிதாக அசெம்பிள் செய்கிறவருக்கு அது வேண்டாம்.

கேம்தான் முக்கியம் என்றால் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி தேடுங்கள், இரண்டு 3050களையும்விட அது வேகம். தம்பி மெஷின் லேர்னிங், பிளெண்டரில் 3டி வேலை என்று போகிறவன் என்றால் அதற்கு உதவும் "கூடா" (CUDA) என்ற வசதி உள்ள என்விடியாதான் சௌகரியம், அப்போது 3050 8 ஜிபி. இதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், அவனிடமே கேளுங்கள். ஆன்லைனில் மிக மலிவாக "புது ஆர்எக்ஸ் 580" என்று கண்ணில் படும், அதில் 2048எஸ்பி என்று இருந்தால் அது பெயர் மாற்றிய 570தான், தொடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் 450 வாட் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று போட்டிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 216 வாட். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது முழுக்க அந்த வரியிலிருந்துதான். 5600ம் 6600ம் சேர்ந்தே 200 வாட்டைத் தொட்டுவிடும். சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகனுக்கு அசெம்பிள் செய்தபோது இதே இடத்தில் மிச்சம் பிடித்தோம். ஒரு மே மாத மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது, எஸ்எம்பிஎஸ் செத்தது, சும்மா சாகாமல் போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு செலவு. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை உள்ள 550 வாட், கோர்செர் சிஎக்ஸ்550, டீப்கூல் பிகே550டி மாதிரி ஒன்று வாங்குங்கள். அதற்காக கேபினெட்டில் கலர் விளக்கு குறைந்தால் குறையட்டும், முன்பக்கம் கண்ணாடி மூடாமல் காற்று போகிற வலை வைத்ததாக இருந்தால் நம் வெயிலுக்கு அதுதான் நல்லது. யூபிஎஸ் பிறகு வாங்குவதென்றால் 600 விஏ போதாது, அது ஏறக்குறைய 360 வாட்தான், மானிட்டரையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிடும். 1000 விஏக்கு மேல் பாருங்கள்.

எஸ்எஸ்டி என்விஎம்இ என்ற வேகமான வகையாக இருக்கட்டும், 500 ஜிபி இப்போதைக்குச் சரி.

ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம், நாலு கடை ஏறி இறங்கினால் விலை நிச்சயம் பேசலாம். ஆனால் போகும் முன் ஒவ்வொரு பொருளின் முழுப் பெயரையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், "இதே மாதிரி இன்னொன்று இருக்கு" என்றால் அந்தப் பெயரையும் எழுதி வாங்கித் தம்பிக்கு அனுப்பிவிட்டு முடிவு செய்யுங்கள். "பில் வேண்டாம்னா 18 பர்சன்ட் குறையும்" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். அந்த 18 ஜிஎஸ்டி, அதைக் குறைத்துக்கொண்டால் வாரண்டிக்குக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுத்தாலும் அப்படியே. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. பில்லில் கார்டு, போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் நாலுக்கும் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். கடையிலேயே மாட்டி ஆன் செய்து, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கார்டின் பெயரைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், போலி என்விடியா கார்டாக இருந்தால் அதிலேயே காட்டும்.

மானிட்டரை மறந்துவிட்டேன் பாருங்கள். பின்னால் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும்தான் இருக்கிறதா, எச்டிஎம்ஐ உண்டா என்று இன்று ராத்திரியே திருப்பிப் பாருங்கள். இப்போதைய கார்டுகளில் விஜிஏ கிடையாது, 5600ல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் இல்லை, அதனால் போர்டின் பின்னால் இருக்கும் சாக்கெட்டில் செருகினாலும் படம் வராது. விஜிஏ மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டரையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.