கருவாடு போகும், நெய் போகாது: இத்தாலிக்குப் பெட்டி கட்டுமுன்

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மகள் மிலானில் முதுகலை படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகிறாள். நெய், பொடி வகைகள், ஊறுகாய், கறிவேப்பிலை, பால்கோவா எல்லாம் கொடுத்தனுப்பலாமா? அடுத்த முறை வரும்போது அங்கிருந்து சீஸ் வாங்கி வரச் சொல்லலாமா? நாங்கள் சைவம்.

நெய்யைக் கொடுக்காதீர்கள். பால்கோவாவும் வேண்டாம். இந்தியா போன்ற வெளிநாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பயணி இறைச்சி, பால், இவற்றில் செய்த பொருள் எதையும் கொண்டு வரக் கூடாது என்பது விதி. குழந்தைகளுக்கான பால் பவுடர் மாதிரி ஓரிரண்டுக்குத்தான் விலக்கு. கொஞ்சம்தானே, சீல் வைத்த டப்பாதானே, வீட்டு உபயோகத்துக்குத்தானே என்பதெல்லாம் அங்கே எடுபடாது, ஏனென்றால் அவர்கள் பயப்படுவது கோமாரி போன்ற கால்நடை நோய்களுக்கு. நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சினீர்கள் என்பது அந்தக் கணக்கிலேயே வராது. நம் ஆட்கள் வாசனை வருவதை மறைப்பார்கள், வாசனை இல்லாததைத் தைரியமாக வைப்பார்கள். விதியோ வேறு மாதிரி: மீன் பொருட்களுக்கு 20 கிலோ வரை அனுமதி இருப்பதால் கருவாடு போகும், தேன் 2 கிலோ வரை போகும், அரைக் கிலோ நெய் போகாது. பிடிபட்டால் எடுத்து அழித்துவிடுவார்கள், அபராதமும் வரலாம்.

நெய் இல்லாமல் பிள்ளை என்ன செய்வாள் என்று கவலைப்பட வேண்டாம். இத்தாலியக் கடைகளில் ‘பூர்ரோ’ என்று எழுதி விற்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பில்லாதது, தரமும் நன்றாக இருக்கும். 250 கிராம் கட்டியை அடிகனமான பாத்திரத்தில் போட்டு நிதானமாகக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 கிராம் நெய் கிடைத்துவிடும். இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுவிட்டுக் கோவில்பட்டிப் பக்கம் போங்கள்; கடலை மிட்டாய், எள்ளுருண்டை போன்ற வெல்லச் சரக்குக்குப் பிரச்சினை இல்லை.

அடுத்தது கறிவேப்பிலை. 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், கீரை, இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாது. விலக்கு ஐந்தே பழங்களுக்கு: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன். ஆக மாம்பழம், முருங்கைக்காய், பச்சைக் கறிவேப்பிலை மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலையை நிழலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பொடியாக்கிக் கொடுங்கள், தாளிப்பு வாசனை முழுதாக வராவிட்டாலும் குழம்புக்குப் போதும்.

சாம்பார் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, புளி, வற்றல், வடகம், அப்பளம், பெருங்காயம் எல்லாம் தாராளமாகப் போகும் (பெருங்காயத்தை மட்டும் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், பெட்டியே மணக்கும்). ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள். பெயரில்லாத பொடியைப் பார்த்து அதிகாரி சந்தேகப்படுவது நியாயம்தான். எண்ணெய் ஊறுகாயும் போகும், ஆனால் கைப்பையில் வேண்டாம், அது திரவக் கணக்கில் வரும்.

இரண்டு விஷயங்களை மிகவும் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து மிலானுக்குப் பலரும் வளைகுடா வழியாகத்தான் போகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், அதை வைத்திருந்து சிறைக்குப் போனவர்களே உண்டு, அதனால் தனியாகவும் வேண்டாம், குருமாப் பொடியிலோ கறி மசாலாவிலோ அரைத்ததும் வேண்டாம். இன்னொன்று கொப்பரை. எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பிடிப்பதால் அதைப் பயணப் பெட்டியில் அனுமதிப்பதில்லை.

கடலை மாவு, ரவை, கொண்டைக்கடலை என்று எடையை வீணாக்காதீர்கள். இத்தாலியர்களும் கொண்டைக்கடலை மாவில் ஃபரினாத்தா என்று ஒரு அடை சுடுகிறவர்கள்தான். ‘ஃபரினா தி சேச்சி’ என்று கேட்டால் சூப்பர் மார்க்கெட்டில் தருவார்கள், பஜ்ஜி நன்றாகவே வரும். ரவைக்கு ‘செமோலினோ’. துவரம்பருப்பு, உளுந்துக்கு மிலானில் இந்திய, இலங்கைக் கடைகள் இருக்கின்றன. பெட்டியில் மிச்சமாகும் எடைக்கு உங்கள் கையால் அரைத்த பொடியைக் கொடுங்கள், அங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காதது அதுதான்.

சரி, வரும்போது சீஸ். சைவம் என்று சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள், விதியே அப்படித்தான். கிரானா படானோவும் அப்படியே, பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். பல சைவக் குடும்பங்கள் இது தெரியாமலே பாஸ்தாவில் துருவிப் போடுகின்றன. ‘கால்யோ வெஜெதாலே’ (தாவர ரென்னட்) என்று அச்சிட்ட சீஸ் கிடைக்கும், அதைத் தேடி வாங்கச் சொல்லுங்கள், ‘சோத்தோவூவோத்தோ’ என்றால் கடையில் காற்றுப் புகாமல் பொதிந்து தருவார்கள். இங்கே இறங்கியதும் அதைச் சுங்கப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். இறைச்சி, பால், மீன் பொருட்கள் இருக்கின்றனவா என்று தனியாகவே கேட்டிருக்கிறது. விடுவதா எடுப்பதா என்பது அதிகாரி முடிவு, அதனால் நிறைய வாங்கிவிட்டு வருத்தப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால் சீஸை விடத் தராலி நல்லது. பூலியா பகுதியின் நொறுக்குத்தீனி, கோதுமை மாவும் ஆலிவ் எண்ணெயும், நம் முறுக்கு மாதிரி சிறு வளையம், பாலும் முட்டையும் கிடையாது, வாரக்கணக்கில் கெடாது. வழக்கமாக வெள்ளை ஒயின் ஊற்றித்தான் மாவு பிசைவார்கள் என்பதால் அது ஒத்துக்கொள்ளாத வீடானால் பொருள் பட்டியலைப் பார்த்து வாங்கட்டும். ஆலிவ் எண்ணெயைக் கண்ணாடிக்குப் பதில் தகர டின்னில் வாங்கச் சொல்லுங்கள். டிசம்பரில் வருவதானால் மிலானின் பனத்தோனே கேக் உண்டு, ஆனால் அதில் முட்டையும் வெண்ணெயும் நிறைய. மோதெனாவின் பாரம்பரிய பால்சாமிக் வினிகர் குறைந்தது 12 வருடம் மரப்பீப்பாயில் பழுத்தது, 100 மில்லி குப்பியில் வருவதால் கைப்பைத் திரவ வரம்புக்குள் அடங்கும். விலை அதிகம்தான், ஆனால் சில சொட்டுகளே போதும் என்பதால் ஒரு குப்பி நெடுநாள் வரும். காப்பித்தூள் மட்டும் வேண்டாம், இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடே இத்தாலிதான். அதற்குப் பதில் அடுப்பில் வைத்துக் காப்பி இறக்கும் மோக்கா பாத்திரம் ஒன்றை வாங்கி வரச் சொல்லுங்கள், சிக்கரி கலக்காத நம் ஊர்த் தூளை அதில் போட்டுப் பாருங்கள்.