ஒரு கதவு மட்டும் பூட்டவில்லையா? ‘செட்’ மாற்றச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறோம். எங்கள் கார் 11 வருஷப் பழசு. இரண்டு மாதமாக ரிமோட்டை அழுத்தினால் மற்ற மூன்று கதவும் பூட்டுகின்றன, இடது பக்கப் பின்கதவு மட்டும் பூட்டுவதில்லை. சத்தமும் வருவதில்லை. எப்போதாவது ஒருநாள் அதுவாகவே பூட்டும். உள்ளே இருந்து கையால் தள்ளினால் பூட்டுகிறது. சேலத்தில் ஒரு கடையில் காட்டினோம். “கண்ட்ரோல் யூனிட் போயிடுச்சு, நாலு கதவுக்கும் செட்டா மாத்தணும், 9,500 ரூபாய்” என்றார்கள். பின்சீட்டில் குழந்தைகள் உட்காருவார்கள். மலை இறங்கும்போது வளைவில் கதவு திறந்துகொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. என் தம்பிக்கு வீட்டு எலக்ட்ரிக் வேலை தெரியும். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடலாம் சகோதரி. சாத்திய கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது கொக்கி. பூட்டு வேறு. கதவின் ஓரத்தில் இருக்கும் கொக்கி, தூணில் இருக்கும் இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. பூட்டு செய்வதெல்லாம் கைப்பிடியை இழுத்தால் அந்தக் கொக்கி விடாமல் பார்த்துக்கொள்வதுதான். ஆகவே சென்ட்ரல் லாக் கெட்டுப்போனதால் இருபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவிலும் கதவு தானாகத் திறக்காது. ஆனால் குழந்தை விளையாட்டாக உள்கைப்பிடியை இழுத்தால் திறக்கும். அதற்கு இன்றைக்கே வழி இருக்கிறது. பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில், கொக்கிக்குப் பக்கத்தில் பாருங்கள். விரல் நுனி அளவில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும், சில வண்டிகளில் சாவி நுழைத்துத் திருப்பும் துளை இருக்கும். அதுதான் சைல்டு லாக். அதைப் போட்டுவிட்டால் கதவை வெளியே இருந்து மட்டும்தான் திறக்க முடியும். பழுது சரியாகும்வரை அப்படியே இருக்கட்டும்.

சரி, இப்போது அந்த 9,500 ரூபாய்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மற்ற மூன்று கதவும் பூட்டுகின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் ரிமோட்டின் பேட்டரி, ஃபியூஸ், எல்லாக் கதவுக்கும் ‘பூட்டு, திற’ என்று உத்தரவு அனுப்பும் கண்ட்ரோல் யூனிட் மூன்றுமே வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று போயிருந்தால் பெரும்பாலும் எல்லாக் கதவும் சேர்ந்துதான் படுக்கும். ஒரு கதவு மட்டும் பேசவில்லை என்றால் கோளாறு அந்தக் கதவுக்குள் இருக்கிறது, இல்லையென்றால் அந்தக் கதவுக்குப் போகிற ஒயரில் இருக்கிறது. ஒரு அறையில் மட்டும் மின்விசிறி சுற்றவில்லை என்று வீட்டு மீட்டரை யாராவது மாற்றுவார்களா? உங்களிடம் கேட்டது அதைத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சேலம் கோரிமேட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். மலையிலிருந்து வருகிறவர்கள் அவசரத்தில் வருகிறார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், இன்னொரு நாள் இறங்கி வர முடியாது. அந்த அவசரத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பேர் கடை வாசலில் நின்றபடி “வாங்க, நம்ம கடையிலயே போட்டுடலாம்” என்று கூட்டிப்போகும் ஆளுக்குக் கமிஷன். பட்டறைக்காரர் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரே கடைக்கு அனுப்பினால் அவருக்கும் கமிஷன். ஒரு கதவைப் பூட்டித் திறக்கும் சின்ன மோட்டார் ஒன்றை மட்டும் விற்றால் அந்தக் கமிஷன் டீச் செலவுக்குக்கூடக் காணாது. அதனால்தான் ‘செட்’ விற்கிறார்கள். நீங்கள் எங்கே வாங்கினாலும் பெட்டியில் அச்சடித்த விலையைப் பாருங்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தரத் தயங்கும் கடையில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லித் தருவது ஒரிஜினலாக இருக்காது. அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

செட் மாற்றுவதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. வெளிச்சந்தை செட்டைப் பொருத்த, வண்டியோடு வந்த கப்ளரை, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பை, வெட்டி ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த டேப் பிசுபிசுத்து நழுவும், செம்பு வெளியே தெரியும், ஃபியூஸ் போகும். போன வருஷம் அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று யாரோ 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டிருந்தார்கள். கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றினால் ஏழெட்டு ஒயர் ஒன்றாக உருகி, கருகிய வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒரு கதவு பூட்டவில்லை என்று ஆரம்பித்த விஷயம் அது. ஃபியூஸின் அளவைக் கூட்டவே கூட்டாதீர்கள், ஒருநாளைக்கு என்றால்கூட வேண்டாம்.

உங்கள் வண்டியில் என்ன ஆகியிருக்கும்? ‘எப்போதாவது ஒருநாள் பூட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ஒயர் மேல்தான். கதவுக்கும் நடுத்தூணுக்கும் இடையில், கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதற்குள் ஒயர் வளைந்து நிமிர்கிறது. பதினொரு வருஷம் வளைந்தால் உள்ளே செம்பு அறுந்துவிடும், மேலே பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதைப் பார்க்க ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டாம். டிரைவர் கதவின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். பின்கதவைத் திறந்து வைத்து, தம்பியை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பூட்டுக் குமிழைத் தள்ளித் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். ரிமோட் வேண்டாம், ஒரு கதவு திறந்திருந்தால் பல வண்டிகளில் ரிமோட் பூட்டாது. அவர் தள்ளத் தள்ள நீங்கள் பின்கதவை மெதுவாக ஆட்டுங்கள், அந்த ரப்பர் குழாயையும் விரலால் அசையுங்கள். ஏதாவது ஒரு நிலையில் ‘டக்’ என்று பூட்டினால் ஒயர்தான்.

பூட்டவில்லை என்றாலும் ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடுத்து டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கம் மூடியிருக்கும் பலகையைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறிய பிறகு, மதியம் வாக்கில் செய்யுங்கள். உங்கள் ஊர்க் காலைக் குளிரில் பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் பட் பட்டென்று உடையும். எப்படியும் மூன்று நான்கு உடையும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, 10-ம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். கைப்பிடிக் குழிக்குள்ளும் உள்கைப்பிடிக்குப் பின்னாலும் திருகுகள் ஒளிந்திருக்கும். பின்கதவுக் கண்ணாடிக்குச் சுற்றும் கைப்பிடி என்றால் அதைப் பிடித்திருப்பது ஒரு கம்பிக் கிளிப். ஒரு முழ நீளப் பழைய வேட்டித் துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, ஷூ துடைப்பது போல இரு பக்கமும் மாறி மாறி இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையைப் பிடித்து வெளியே தள்ளும். அது துள்ளிப் பறக்கும், கீழே போர்வை விரித்துக்கொள்ளுங்கள். பிறகு பேடைக் கீழ் ஓரத்திலிருந்து நெம்பி, கடைசியில் மேல்பக்கமாகத் தூக்கி எடுக்கலாம்.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் ஒரு பக்கம் மட்டும் உரியுங்கள். கதவின் உள்தகடு பிளேடு மாதிரி இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கையை விடச் சொல்லுங்கள்.

கொக்கிக்குப் பக்கத்தில் லாக் மோட்டாரின் கப்ளர் இருக்கும். அதைக் கழற்றுங்கள். அதில் தடித்த ஒயர் இரண்டும் மோட்டாருக்கு. மெல்லிய ஒயர்கள் இருந்தால் அவை சிக்னலுக்கு, அவற்றைத் தொடாதீர்கள். இங்கே உங்கள் தம்பி மல்டிமீட்டரை எடுப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பூட்டும்போது மின்சாரம் அரை நொடி போலத்தான் வரும், மீட்டரில் எண் நிற்பதற்குள் போய்விடும். “கரண்ட் வரலையே” என்று முடிவுகட்டிவிடுவோம். 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைக் கட்டி, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் அந்தத் தடித்த ஒயர்களின் முனைகளில் வையுங்கள். பேட்டரியை மறுபடி மாட்டி, டிரைவர் குமிழைத் தள்ளச் சொல்லுங்கள். பூட்டினாலும் திறந்தாலும் பல்பு ஒரு தடவை மின்ன வேண்டும். மின்னினால் ஒயர் சரி, மோட்டார் போச்சு. மின்னவில்லை என்றால் மோட்டாரை விட்டுவிடுங்கள், ரப்பர் குழாய்க்கு வாருங்கள்.

பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, குழாயைத் தூண் பக்கத்திலிருந்து உருவி, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த ஒயர் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். அறுந்த இடத்திலேயே சேர்த்துக் கட்டிவிடாதீர்கள், அது மறுபடியும் அதே வளைவில்தான் அறுபடும். அதே தடிமனில், பல இழை உள்ள புது ஒயரை ஒரு சாண் வெட்டி, ஒரு இணைப்பு கதவுக்குள்ளும் மற்றது தூணுக்குள்ளும் வருமாறு வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வளையும் இடத்தில் இணைப்பே இருக்கக் கூடாது. இந்த வேலைக்கு ஆகும் செலவு நீங்கள் மலை இறங்கி ஏறும் பெட்ரோல் காசுகூட இல்லை.

மோட்டார்தான் போயிருந்தால் அந்த ஒரு கதவுக்கு மட்டும் வாங்குங்கள். பொதுவாகப் பொருந்தும் இரண்டு ஒயர் மோட்டார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைக் கப்ளரை வெட்டாமல் பொருத்தத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒரிஜினல் வேண்டும் என்றால் பல கம்பெனிகள் மோட்டாரைத் தனியாகத் தருவதில்லை, கொக்கி, பூட்டு, மோட்டார் எல்லாம் சேர்ந்த ஒரே உருப்படியாகத்தான் தருகிறார்கள். உள்ளே சுண்டுவிரல் அளவு மோட்டார் ஒன்று நின்றுபோனதற்கு முழு லாக்கையும் வாங்க வேண்டியிருக்கிறது. ஒயரிங் படம் கேட்டால் தரமாட்டார்கள். 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஒரு இணையதளமே தொடங்கியது, வாகனங்களும் அதில் சேர்த்திதான். ஆனால் என்னைப் போன்றவன் கவுண்டரில் போய் நின்று ஒரு கதவின் ஒயரிங் படத்தைக் கேட்டால் இன்றைக்கும் வெறுங்கையோடுதான் திரும்புகிறேன். வண்டிக்குப் பணம் கொடுத்தது நீங்கள், அதன் வரைபடம் மட்டும் உங்களுக்குக் கிடையாதாம். எனக்கு இதில் ஆறவே ஆறாது.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் இந்த வழி அப்படியே செல்லாது. கதவு பூட்டிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, உள்ளேயும் வெளியேயும் திறக்காமல் போய்விட்டால். உங்களுக்கு இன்னும் அப்படி ஆகவில்லை, ஆனால் பாதி வேலை செய்கிற மோட்டார் ஒருநாள் அப்படிச் செய்யலாம். கதவு சாத்தியிருக்கும்போது டோர் பேடின் ஓரத் திருகுகளும் கிளிப்புகளும் எட்டாது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் பேடும் கெடும், பெயின்டும் போகும். முதலில் ஒருவர் ரிமோட்டில் திறப்பதைத் திரும்பத் திரும்ப அழுத்த, இன்னொருவர் வெளிக்கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி, அதற்குக் கீழே உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து குமிழைக் கையால் இழுத்தும் பாருங்கள். சைல்டு லாக் போட்டிருப்பதை மறந்து உள்கைப்பிடியையே இழுத்துக்கொண்டிருக்காதீர்கள், அது வெளியே இருந்துதான் திறக்கும். எதற்கும் மசியவில்லை என்றால் பின்சீட்டின் உட்காரும் மெத்தையைக் கழற்றினால் பேடின் கீழ்ப்பகுதிக்குக் கை போகும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, கொக்கிக்குப் போகும் கம்பியைப் பிடித்து இழுத்துத் திறக்க வேண்டும். இதற்குப் பொறுமையும் மெல்லிய கையும் வேண்டும். முதல் தடவையே நீங்கள் செய்யாதீர்கள், அனுபவமுள்ளவர் செய்யட்டும். கதவை வெட்ட வேண்டும் என்று சொல்கிறவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. எஸ்டேட் பாதைச் செம்மண்ணும் சில்வர் ஓக் சருகும் சேர்ந்து அவை அடைத்துப்போயிருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். அடைத்திருந்தால் ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, அந்த ஈரத்தில் கப்ளரில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மலை வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான். உரித்த பிளாஸ்டிக் தாளையும் விளிம்பு முழுக்க அழுத்தி ஒட்டுங்கள். பழைய பசை ஒட்டவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள்.

பேடை மாட்டுவதற்கு முன், பேட்டரியை மாட்டிவிட்டு, கதவு திறந்திருக்கும்போதே, ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை உள்ளே தள்ளி, சாத்தியது போல வைத்துப் பத்துப் பதினைந்து தடவை பூட்டித் திறந்து பாருங்கள். முடிந்ததும் பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, வெளிக்கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் கொக்கி தூணின் இரும்பு வளையத்தில் மோதி வளைந்துவிடும்.