வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் திறனையும் எப்படிக் கணக்கிடுவது? 230 வோல்ட், 2000 வாட் வாட்டர் ஹீட்டர், மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினாலும் 2000 வாட்தான் எடுக்குமா?

எடுக்காது. ஏறக்குறைய 1225 வாட்தான் எடுக்கும். கணக்கு எளியதுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன்.

உங்கள் ஹீட்டரையே எடுத்துக்கொள்வோம். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் மின்தடை 26.4 ஓம். ஹீட்டருக்குச் சொந்தமான எண் இந்த 26.4தான். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறுவதில்லை. ஒட்டுத்தாளில் அச்சிட்ட 2000 வாட்டோ 230 வோல்ட் கிடைக்கும்வரைதான் செல்லுபடியாகும்.

180 வோல்ட் வந்தால், 180ஐ 26.4ஆல் வகுக்க வேண்டும்: 6.8 ஆம்பியர். இதை 180ஆல் பெருக்கினால் சுமார் 1225 வாட். மின்னழுத்தம் 22 விழுக்காடு குறைந்ததற்குத் திறன் ஏறத்தாழ 39 விழுக்காடு சரிந்துவிட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் கூடவே குறைவதால் இந்த இரட்டை அடி.

கரண்ட் பில் குறையுமே என்று மகிழ வேண்டாம். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 0.56 யூனிட் தேவை. அதை 2000 வாட் 17 நிமிடங்களில் கொடுக்கும். 1225 வாட் 27 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். யூனிட் அதேதான், குளியலறை வாசலில் காத்திருப்பவரின் எரிச்சல் மட்டும் கூடுதல்.

"வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும், ஒயர் எரிந்துவிடும்" என்று சொல்வார்கள். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் அது தவறு. போர்வெல் மோட்டாருக்கு அது பொருந்தும்: தண்ணீரை மேலே தள்ளும் பளு குறையாததால், குறைந்த அழுத்தத்தில் மோட்டார் கூடுதல் ஓட்டம் இழுக்க, அதன் கம்பிச்சுருள் (காயில்) சூடாகிறது. மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினாலும் சரியான வாட் கிடைக்காது. திறன் காரணியாலும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று காட்டும் எண், power factor) பெருக்க வேண்டும். உதாரணமாக 230 வோல்ட், 5 ஆம்பியர், திறன் காரணி 0.8 என்றால் 1150 அல்ல, 920 வாட்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களைக் குழப்பும் பொருள் ஒன்று உண்டு: பழைய குண்டு பல்பு. 100 வாட் பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். கழற்றி அளந்தால் மீட்டர் 40 ஓமை ஒட்டி ஏதோ காட்டும். மீட்டர் கெட்டுவிடவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது, மின்தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அதனால்தான் பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் பியூஸ் போகின்றன. குளிர்ந்த இழையில் முதலில் பாயும் ஓட்டம் அவ்வளவு அதிகம்.

ஹீட்டரின் ஓமை அளந்து பார்க்க நினைத்தால் எம்சிபியை (மின்பெட்டியில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிளக்கின் பேஸ், நியூட்ரல் முனைகளுக்கிடையே அளவிடுங்கள். ஹீட்டரின் சுவிட்ச் போட்ட நிலையில் இருக்க வேண்டும். தண்ணீரும் ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால், தண்ணீர் சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் துண்டித்த நிலையில் மீட்டர் எதையும் காட்டாது. ஓடும்போது ஆம்பியர் பார்க்க, கம்பியை வெட்டாமல் அளக்கும் கிளாம்ப் மீட்டரே பாதுகாப்பானது. அதன் தாடைக்குள் ஒற்றைக் கம்பி மட்டும் இருக்க வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சுழியம்தான் வரும்.