உள்ளே கயிறு அறுந்தால் மேலே கொப்புளம்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது. ஷூ போட்டுப் பள்ளிக்குப் போகிற நாளெல்லாம் மாலையில் உள்ளங்காலில் நீர் கோத்த கொப்புளம். பங்குனி, சித்திரை வெயிலில் அதிகம். ஆனி, ஆடிச் சாரலில் குறைந்துவிடுகிறது. அவனுடைய அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கத்தி பிடிக்கிற கையில் அவருக்கும் இப்படி வரும், அவருடைய அம்மாவுக்கும் இருந்ததாம். அக்கி என்று நினைத்துக் காவி எழுதியும் பார்த்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றுமா, புரோட்டீன் பவுடரோ கொலாஜன் பவுடரோ கொடுத்தால் தோல் பலப்படுமா, இப்போது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் வருமா என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் ஒன்று: இது தொற்றாது. பள்ளியிலும் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். அக்கியாகவும் தெரியவில்லை. அக்கி வைரஸால் வருவது. உடம்பின் ஒரு பக்கமாக, எரிச்சலோடு கொத்துக் கொத்தாக வரும். ஷூ உரசும் இடம் பார்த்து வருஷா வருஷம் வராது. மூன்று தலைமுறை, உரசல், வெயில் என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறின் லேசான வகை என்றுதான் முதலில் சந்தேகம் வருகிறது. தோல் டாக்டர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும்.

தோலின் மேல்பகுதி முழுக்கச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கெரட்டின் என்ற புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. உங்கள் மாவட்டத்தில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கதம்பை நார் ஒன்றைத் தனியாக இழுத்தால் அறுந்துவிடும். பல நாரை முறுக்கிப் புரியாக்கி, புரிகளைச் சேர்த்து முறுக்கினால் வள்ளத்தையே கட்டிப்போடலாம். தோலின் அடியடுக்கில் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்று இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. இரண்டு ஜோடிகள் எதிரெதிராகப் படுத்து நான்காகின்றன. அந்த நான்குகள் நீளத்திலும் பக்கத்திலும் சேர்ந்து 10 நானோமீட்டர் கனமுள்ள இழையாகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் நானோமீட்டர்.

இழை செல்லுக்குள்ளேயே நின்றுவிட்டால் பயனில்லை, அது எதிலாவது கட்டப்பட வேண்டும். செல்லின் விளிம்பில் டெஸ்மோசோம் என்ற முடிச்சுகள் இருக்கின்றன. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சுவர்களில் நேருக்கு நேராக இரண்டு கரும் பட்டைகளாகத் தெரியும். உள்பக்கம் டெஸ்மோபிளாக்கின் என்ற புரதம் கெரட்டின் இழையைப் பிடித்துக்கொள்கிறது. வெளிப்பக்கம் டெஸ்மோக்ளீன் போன்ற புரதங்கள் அடுத்த செல்லிலிருந்து நீளும் புரதங்களோடு கோத்துக்கொள்கின்றன. அடியடுக்குச் செல்கள் கீழே உள்ள சவ்வில் ஹெமிடெஸ்மோசோம் என்ற முடிச்சால் ஊன்றியிருக்கின்றன. ஆக, ஒரு செல்லின் கயிறு முடிச்சு வழியாக அடுத்த செல்லின் கயிற்றோடு சேர்ந்து, தோல் முழுக்க ஒரே வலையாகிறது. ஷூ ஓரிடத்தில் உரசினால் அந்த இழுவையை அந்த ஒரு செல் மட்டும் தாங்குவதில்லை, சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான செல்கள் பகிர்ந்துகொள்கின்றன.

இந்தக் கோளாறில் பெரும்பாலும் முடிச்சுகளில் பழுதில்லை. கெரட்டின் 5 அல்லது 14 மரபணுவில் ஒரு சிறு பிழை, அதனால் கயிறே உளுத்துவிடுகிறது. உரசும்போது அடியடுக்குச் செல் நடுவில் கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. அடியில் உள்ள சவ்வுக்குச் சேதமில்லாததால் வழக்கமாகத் தழும்பில்லாமல் ஆறிவிடும். பழுதான இழைகள் சூட்டில் சுருண்டு கட்டி கட்டியாகிவிடும், வியர்வை உரசலையும் கூட்டும். வெயில் காலத்தில் மோசமாவது அதனால்தான். 1991-இல் சிகாகோவில் எலைன் ஃபுக்ஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலிகளுக்குள் பழுதான கெரட்டின் 14 மரபணுவைப் புகுத்தியபோது தோல் இதே போலக் கொப்புளித்தது. அதே ஆண்டு நோயாளிகளிடமும் அந்த மரபணுவில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்டால் பவுடர் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். கெரட்டினை எப்படிச் செய்வது என்ற குறிப்பிலேயே பிழை இருக்கும்போது, எவ்வளவு புரதம் சாப்பிட்டாலும் அதே பழுதான கயிறுதான் வரும். கொலாஜன் தோலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வேறு பொருள். வாய்வழியாகப் போனால் வயிற்றில் செரித்துவிடும். அந்தப் பணத்தில் நல்ல பருத்தி சாக்ஸ் வாங்குங்கள். பிள்ளைக்கு நீங்கள் சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதை மனதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

செய்ய வேண்டியது உரசலையும் சூட்டையும் குறைப்பதுதான். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் விரலில் உரசாது. இரண்டு சாக்ஸ் போட்டால் உரசல் தோலில் இல்லாமல் துணிகளுக்கிடையே நடக்கும். சோள மாவுப் பவுடர் ஈரத்தை உறிஞ்சும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஷூவைக் கழற்றவும், முடிந்தால் மெத்தென்ற செருப்போடு வரவும் அனுமதி கேட்டு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். அவன் அப்பாவும் கத்திப் பிடியில் மென்மையான துணி சுற்றிக்கொள்ளலாம்.

கொப்புளத்தை அப்படியே விட்டால் உள்ளே நீர் அழுத்தி அகலமாகிக்கொண்டே போகும். அன்றன்றைக்கே, புதிதாகப் பிரித்த ஸ்டெரைல் ஊசியைத் தோலோடு படுக்கவைத்து, கொப்புளத்தின் தாழ்வான ஓரத்தில் குத்துங்கள். சுத்தமான காஸால் மெதுவாக ஒற்றி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது, புண்ணுக்கு அதுதான் மூடி. வாஸலின் தடவிய காஸ் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டர் நேரடியாகத் தோலில் படவே கூடாது. பிய்க்கும்போது புதுக் கொப்புளம் வரும். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், நடுவயதில் வாய்ப்புண்ணோடு உடம்பில் கொப்புளங்கள் வந்தால் அது வேறு. பெம்பிகஸ் என்ற நோயில் நம் எதிர்ப்பு சக்தியே டெஸ்மோக்ளீனைத் தாக்கும். கயிறு நன்றாக இருக்க, முடிச்சு அவிழும். அதற்கு உடனே மருந்து தொடங்க வேண்டும், வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு மகனையும் கணவரையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். மூன்று தலைமுறை விவரத்தைச் சொல்வது பாதி நோயறிதலுக்குச் சமம். தேவையென்றால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், மரபணுச் சோதனைக்கும் வழி சொல்வார்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு: இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், உளுத்த நார் நல்ல நாரோடு சேர்ந்து முறுக்கப்பட்டுக் கயிற்றைக் கெடுத்துவிடும். ஆகவே, நோய் இதுதான் என்று உறுதியானால், வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு, வராமலிருப்பதற்கும் அதே 50 சதவீதம். வந்தாலும் பெரும்பாலும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருக்கும் அளவில்தான் இருக்கும். பிரசவத்துக்குப் போகும்போது டாக்டரிடமும் நர்சுகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குழந்தையின் தோலில் டேப் ஒட்ட வேண்டாம், கையில் கட்டும் அடையாளப் பட்டையை மெல்லிய துணியின் மேல் கட்டட்டும்.