கன்னம் வீங்கினால் கேன்சரா? ஷோக்ரன் நோயாளிகளின் ஸ்கேன் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரியில் பல வருடமாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கிறேன். ஷோக்ரன் என்பது நம் எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற நோய்; 1933இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் விரிவாக எழுதியதால் அந்தப் பெயர். அதைப் பற்றிக் கேளுங்கள்.

வில்லியனூர் அக்கா: ஸ்கேனில் கிரேடு 3 என்று போட்டிருக்கிறது. கேன்சரா?

இல்லைங்க. சுரப்பி எவ்வளவு பாழாகியிருக்கிறது என்பதற்குத்தான் 0 முதல் 3 வரை கிரேடு. நல்ல சுரப்பி நைசாக அரைத்த மாவு மாதிரி ஒரே சாம்பலாகத் தெரியும். இந்த நோயில் கல்லில் ஊற்றிய தோசையில் கண் கண்ணாக விழுவது போலக் கறுப்புப் புள்ளிகள் விழும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். லிம்ஃபோமா என்கிற வெள்ளை அணுப் புற்றுநோய் அப்படிப் பரவலாக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் அடர் கறுப்பாக, முட்டை வடிவில், பல நேரம் 2 செ.மீ.க்கு மேல் நிற்கும்; உள்ளே மெல்லிய கோடுகள், டாப்ளர் போட்டால் ரத்த ஓட்டம். நீர்க்கட்டியும் கறுப்புதான், ஆனால் அதற்குள் ரத்தம் ஓடாது. ஷோக்ரன் உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் லிம்ஃபோமா வரலாம் என்பதால் கிரேடு 3 உள்ளவர்களைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம், அவ்வளவுதான்.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பாகூரிலிருந்து ஓர் அம்மா மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்து வந்தார். ஓரமெல்லாம் மங்கியிருந்தாலும், அன்றைக்கு இரண்டு கன்னமும் ஒரே மாதிரி இருந்தது தெரிந்தது. இன்றைக்கு இடது பக்கம் மட்டும் 2.6 செ.மீ. கறுப்பு. அந்தச் சுருள் இல்லாவிட்டால் நானே ஒரு வாரம் யோசித்திருப்பேன்.

முதலியார்பேட்டை தம்பி: அம்மாவுக்கு அடிக்கடி கன்னம் வீங்குகிறது. பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டுவிடுகிறோம்.

பொன்னுக்கு வீங்கி ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் திரும்ப வராது, தம்பி. அடிக்கடி வந்தால் ஷோக்ரனாக இருக்கலாம்; தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்குகிறதா, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா என்று கேளுங்கள். ஜிப்மரில் இந்த மாதிரி நோய்களைப் பார்க்கக் கிளினிக்கல் இம்யூனாலஜி பிரிவு இருக்கிறது. வந்து வந்து வடிகிற வீக்கத்தைவிட வடியாமல் கெட்டியாக நிற்கிற வீக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணன்: என் மனைவிக்கு ஊசி குத்தி எடுக்கச் சொல்கிறார்கள். குத்தினால் பரவும் என்கிறார்களே?

பரவாது. லிம்ஃபோமா ரத்த அணுக்களின் நோய், ஊசித் தடத்தில் பரவிக் கெடுக்கிற ஜாதி இல்லை.

அதே அண்ணன்: எங்கள் உறவில் ஒருவர் குத்திய ஆறு மாதத்தில் போய்விட்டார்.

வருத்தமாக இருக்கிறது, அண்ணா. ஆனால் குத்தியதால் போகவில்லை, நோய் முற்றிய பிறகு குத்தியிருப்பார்கள். இந்த ஒரு பயத்தால் எத்தனை பேர் நாள் கடத்தி வருகிறார்கள் தெரியுமா? முகத்தை அசைக்கும் நரம்பு, காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கிற பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, அந்த நரம்பில் படாமல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுக்கிறோம்.

அரியாங்குப்பம் நர்ஸ் தங்கை: எஃப்.என்.ஏ.சி. என்கிற மெல்லிய ஊசிப் பரிசோதனை நெகட்டிவ். போதுமா சார்?

போதாது. மெல்லிய ஊசியில் உதிரி அணுக்கள்தான் வரும். ஷோக்ரனில் அதிகம் வருவது மால்ட் என்கிற லிம்ஃபோமா வகை, அதன் அணுக்கள் சாதாரண அழற்சி அணுக்கள் மாதிரியே இருக்கும். சதைத் துண்டு வேண்டும், கொஞ்சம் தடித்த ஊசியால் அதை எடுக்கிற கோர் பயாப்ஸி கேளுங்கள். அதற்கு முன்னால் வீக்கம் வடியட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கிப் போடவே கூடாது! கட்டி சுருங்கிவிடும், துண்டில் ஒன்றும் தெரியாது.

நெல்லித்தோப்பு: ரேடியேஷன் எவ்வளவு?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். ஒலி அலைங்க, ரேடியேஷன் கிடையாது.

பண்ருட்டி: தைராய்டு கட்டிக்கு என்ன செய்ய?

அது வேறு விஷயம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் அண்ணன்: சரி சார், கூட்டி வருகிறேன். மால்ட் என்றால் பிழைப்பாளா?

மெதுவாக வளர்கிற வகை, அண்ணா. அதோடு பல வருடம் நன்றாக இருப்பவர்கள் நிறைய. சிலருக்கு மருந்தே தராமல் கண்காணிப்பார்கள். அப்புறம், சாப்பிட்டுவிட்டே வரலாம். தோட்டையும் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, பழைய படம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்.