கிரீன் ஆறு: இரண்டு நாள் போதாது

போனில் தூரம் குறைவாகக் காட்டுகிறது, கிரீன் ஆற்றில் கேனோவில் (துடுப்புப் படகில்) இரண்டு நாளில் போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. நவம்பர் தொடக்கம் என்றால் நான்கு நாள் வையுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், படகு இறக்கும் ரூபி ராஞ்சிலிருந்து கரையேறும் மினரல் பாட்டம் வரை ஆற்றுவழி சுமார் 72 கி.மீ. உங்கள் போன் காட்டுவது நேர்கோட்டுத் தூரமாகத்தான் இருக்கும். வழியில் வரும் போநாட் வளைவில் 11 கி.மீ.க்கு மேல் துடுப்பு போட்டு, வளைவு தொடங்கிய இடத்துக்குச் சில நூறு மீட்டர் பக்கத்திலேயே வந்து நிற்பீர்கள். முதல் தடவை எனக்கு அழுகையே வந்தது!

வரைபடத்தில் ஒவ்வொரு வளைவையும் நூல் வைத்து அளந்து பாருங்கள். ஆற்று மைல் (ஆற்றின் போக்கிலேயே அளந்த தூரம்) குறித்த வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 20 கி.மீ. என்று கணக்குப் போடுங்கள். பொழுது சீக்கிரம் சாயும். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பினால் கேனோ நகரவே நகராது. விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. தண்ணீர் குறைந்திருப்பதால் மணல்திட்டு தட்டும். வளைவின் வெளிப்பக்கமாகப் போனால் ஆழம் கிடைக்கும்.

மழை பெய்தால் மினரல் பாட்டத்திலிருந்து மேலே ஏறும் மண்பாதையில் உங்களை ஏற்றிப்போக வண்டி வராது. ஒரு நாள் சாப்பாடும் குடிநீரும் கூடுதலாக இருக்கட்டும். அனுமதிச் சீட்டை மறக்காதீர்கள்.